மின்சாரம் திரும்பினால்

ஜெபக்கனிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. புயலுக்கு முந்தின வாரம் முழுக்க சர்வர் ராக்குகளின் அடித்தட்டில் குனிந்தும் குந்தியும் மல்லாந்து படுத்தும் பார்த்த வேலை. அதற்கு மேல், புயலுக்கு ஒதுங்கிய பள்ளிக்கூடத்தின் சிமெண்டுத் தரையில் நாலு ராத்திரி. நிமிர்ந்தால் ஒரு பக்கம் இழுத்தது, குனிந்தால் மறுபக்கம் குத்தியது. உப்பளத்தில் வேலை பார்த்த அவள் அம்மாவுக்கும் இதே இடத்தில்தான் வலி. அம்மா தைலம் தேய்த்தாள். மகள் மாத்திரை விழுங்கினாள். குடும்பம் அடைந்த முன்னேற்றம் அவ்வளவுதான்.

ஸ்கூட்டரை கேட்டிலேயே நிறுத்திவிட்டு முழங்கால் தண்ணீரில் நடந்து ஹாலுக்கு வந்தாள். தூத்துக்குடி உப்பளங்களைத் தாண்டி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஜன்னல் இல்லாத கட்டடம் அது. உள்ளே இரும்பு ராக்குகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் சர்வர்கள் அடுக்கியிருந்தன. அங்கே கால் வைத்து நடமாடும் ஆள் அவள் ஒருத்திதான். மற்ற வேலைகளை எல்லாம் எங்கோ தூரத்து ஊரில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்களுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது ஒரு சில்லு. ஒவ்வொரு சர்வருக்குள்ளும், அதன் பெரிய மூளைக்குப் பக்கத்தில், விரல்நகம் அளவுக்கு ஒன்று இருக்கும். காகிதத்தில் அதன் பெயர் தொலைமேலாண்மைச் செயலி. இப்படிப்பட்ட ஹால்களில் வேலை பார்க்கும் ஹால்காரர்கள் அதை வாட்ச்மேன் என்பார்கள். சர்வர் அணைந்து கிடந்தாலும் வாட்ச்மேன் தூங்காது. தூரத்தில் இருப்பவர் அதைக் கூப்பிட்டுத்தான் சர்வரை எழுப்புவார், அணைப்பார், சூடு எவ்வளவு என்று விசாரிப்பார். கையால் செய்யவேண்டிய வேலை இருந்தால், சர்வரின் நெற்றியில் ஒரு நீல விளக்கை வாட்ச்மேன் ஏற்றும். ஜெபக்கனி விளக்கைத் தேடிப் போவாள், பழுதானதை மாற்றுவாள், விளக்கின் மேலேயே விரலால் ஒரு அழுத்து அழுத்தி அணைப்பாள். முடிந்தது என்று அர்த்தம். சில வாரங்களில் அவள் மனிதர்களோடு பேசிய பேச்சு அந்த நீல விளக்கு மட்டுமாக இருந்ததுண்டு. வாடகை அறையில் தனியாக இருந்தாள். கேட்பவர்களிடம் பழகிவிட்டது என்பாள். கேட்பவர்களும் குறைந்துவிட்டார்கள்.

ஹாலுக்குள் தண்ணீர் ஏறவில்லை. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. புயல் ராத்திரியில் கரண்ட் போய், பழைய பேட்டரிகள் கைவிட்டு, எல்லாம் ஒருமுறை அணைந்து, பிறகு ஜெனரேட்டர் தானாகப் பிடித்திருக்க வேண்டும். வெளியுலகத்தோடு இணைக்கும் கேபிள் மட்டும் எங்கோ அறுந்து கிடந்தது. அதனால் வரிசைகள் எல்லாம் விளக்கு இல்லாமல் சும்மா இரைந்துகொண்டிருந்தன.

ஏழாம் ராக்கில் மட்டும் ஒரு நீல விளக்கு.

அவள் நின்றுவிட்டாள். கேபிள் அறுந்திருக்கும்போது அதை ஏற்றியது யார்? வெளியிலிருந்து ஒருவராலும் முடியாது. உள்ளே வேறு ஆள் இல்லை. அதுவும் அந்த விளக்கு எரிந்து நிற்கவில்லை. இரண்டு முறை நீளமாக, ஒரு முறை குட்டையாக. கொஞ்சம் ஓய்வு. மறுபடி இரண்டு நீளம், ஒரு குட்டை.

பழுதான விளக்கு இப்படி முறை வைத்து எரியாது. பக்கத்தில் போய், வழக்கம்போல அதன் மேல் விரலை வைத்து அழுத்தினாள். அணைந்தது. மூச்சு ஒன்று விடும் நேரம். பிறகு சட்டென்று ஏறி, நீளமும் குட்டையும் மறந்து, மூடிய கதவை இரண்டு கையாலும் தட்டுவதுபோலத் துடிக்க ஆரம்பித்தது.

ஜெபக்கனி லேப்டாப்பை எடுத்துத் தரையில் உட்கார்ந்து, கேபிளை வாட்ச்மேனின் துளையில் செருகினாள். திரையில் முதலில் தெரிந்தது அவள் கைப்பட வைத்த அமைப்புதான். முகவரி, பெயர், கடவுச்சொல், யார் எதைத் தொடலாம் என்ற அனுமதி. கடைசி வரியில், 'மின்சாரம் திரும்பினால்' என்ற கேள்வி. அதற்கு மூன்று பதில்களில் ஒன்றைத்தான் வைக்க முடியும்: எழு, முன்பிருந்தபடி இரு, அணைந்தே இரு.

'எழு' என்று இருந்தது.

அந்த வரியை மறுபடி படித்தாள். ஏழாம் ராக்கு துறைமுகத்து ராக்கு. சரக்குப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும், ஆள் இல்லாத யார்டு கிரேன்களை ஓட்டுவது இதில் உள்ள இருபத்திநாலு சர்வர்கள். கிரேன் ஆபரேட்டரின் தலையில் ஒரு தொப்பியை மாட்டி, அவன் கைத்திறனைப் பதிந்து, அந்தப் பதிவைச் சர்வரில் ஏற்றி ஓட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். இந்த ராக்குக்கு மட்டும் 'அணைந்தே இரு' என்று வைக்கவேண்டும் என்றும் தெரியும். கிரேன் இணைப்பு இல்லாமல் பதிவை இயக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஏன் என்று சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஹாலில் ஒரு பழக்கம் உண்டு: ஒன்றைச் சரியாக அமைத்துவிட்டு, அதையே நகலெடுத்து மற்ற எல்லாவற்றிலும் ஏற்றிவிடுவது. பேங்க் சர்வரோ சினிமா சர்வரோ, கரண்ட் வந்ததும் எழவில்லை என்றால் பாதி ராத்திரியில் ஹால்காரருக்குத்தான் போன் வரும், திட்டு விழும். அதனால் அவர்கள் நகலில் எப்போதும் 'எழு'தான். புயல் வருகிறது, சீக்கிரம் முடி என்றார்கள். இடுப்பு வேறு கேட்கவில்லை. அதே நகலை ஏழாம் ராக்கிலும் ஏற்றிவிட்டாள்.

லேப்டாப்பிலிருந்து ஒரு குரல் வந்தது. கரகரத்த ஆண் குரல்.

"கீழ யாரு? யாரோ அமுக்குனீங்கள்லா? இருக்கீயளா, போயிட்டீயளா?"

அவள் லேப்டாப்பை மடிக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு, "இருக்கேன்" என்றாள்.

"அப்பாடா" என்றது குரல். "பொம்பளைப் புள்ளையா? யார்டுல ஆம்பளை ஒருத்தனும் இல்லியா? ரெண்டு நீளம் ஒரு குட்டை அடிச்சுக்கிட்டே கெடக்கேன். கேபின்ல மாட்டிக்கிட்டேன், ஏணி கொண்டாங்கன்னு அர்த்தம். டீ விக்கிறவனுக்குக்கூடத் தெரியும். ஒருத்தனும் எட்டிப் பாக்கல."

"நீங்க யாரு அண்ணாச்சி?"

"சூசை. யார்டு கிரேன் ஆபரேட்டர். நீ?"

"ஜெபக்கனி. இங்க... கம்ப்யூட்டர் வேலை."

"அப்போ சரியாத்தான் நெனச்சிருக்கேன்" என்றார் சூசை. "நான் சூசை இல்ல, அந்தப் பதிவுதானே?"

"அது வந்து அண்ணாச்சி..." என்று இழுத்தாள்.

"மழுப்பாத. மொதல்ல கேபின் கவுந்துட்டுன்னுதான் நெனச்சேன். கண்ணு தெரியல, கை கால் எங்க இருக்குன்னு தெரியல. சரி, அடிபட்டுக் கெடக்கோம், ஆஸ்பத்திரியில போட்டிருக்காவன்னு நெனச்சேன். உள்ள ஒரு கடிகாரம் மட்டும் ஓடுது. ஒரு ராத்திரி போச்சு, ரெண்டு போச்சு. ஒண்ணுக்கு வரல. பசி இருந்தாலும் ஒரு மனுசன் பொறுத்துக்கிடுவான், நாலு ராத்திரி ஒண்ணுக்கு வராம இருப்பானா? அதுலதான் புடிபட்டுச்சு. அன்னைக்குக் காலையில தொப்பியை மாட்டுனாங்கள்லா, இது அந்தச் சமாச்சாரம்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "பயமா இருந்துச்சா?"

"பயம் முதல் நாளோட போயிரும். பெறவு வேற ஒண்ணு வரும். அதுக்குப் பேரு எனக்குத் தெரியல. துழாவித் துழாவிப் பாத்தேன். லிவரு இல்ல, பிரேக்கு இல்ல. ஒரே ஒரு சுச்சுதான் அகப்பட்டுச்சு. அமுக்கினா எங்கயோ என்னமோ ஆகுதுன்னு தெரிஞ்சுச்சு. என்ன ஆகுதுன்னு தெரியாது. அதையே அமுக்கிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு விரல் அமுக்குச்சு பாரு..." அவர் நிறுத்திக்கொண்டார். "சரி, அது கெடக்கட்டும். எனக்கு ஒரு விசயம் தெரியணும். நீதான் விசாரிச்சுச் சொல்லணும்."

"இருங்க அண்ணாச்சி. ஒரு போன் பேசிட்டு வந்துருதேன்."

"வருவியா?"

"வருவேன்."

"இந்த வெளக்கை ஒருக்கா அமுக்கிட்டுப் போ."

அழுத்திவிட்டுப் போனாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் நின்றால் போனில் ஒரு கோடு சிக்னல் வந்தது. அவளுக்கு மேலே இருந்தவர் ஹரிகேசவன். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பொங்கலுக்கு மறக்காமல் போன் செய்வார்.

"சார், ஏழாம் ராக்கு நாலு நாளா ஓடிக்கிட்டிருக்கு."

"ஓடுதா? கிரேன் லிங்க் இல்லாமலா? அது அணைஞ்சே இருக்கணுமேம்மா."

"இருக்கணும். நான் வச்ச அமைப்பு தப்பு சார்."

மறுமுனையில் பெருமூச்சு. "சரி, சொன்ன வரைக்கும் நல்லது. வேற யார்கிட்டயும் சொல்லாத. சாயங்காலத்துக்குள்ள கேபிளை ஒட்டிடுவாங்க. லிங்க் வந்ததும் இங்கேர்ந்தே எல்லாத்தையும் முதல் பதிவுக்குத் திருப்பிடறேன். இந்த நாலு நாள் நடந்த தடமே இருக்காது."

"திருப்பினா மறந்துருமா?"

"தினமும் செய்யறதுதானேம்மா. ஒவ்வொரு ஷிப்ட்டுக்கும் முன்னாடி அதைப் புதுசா எழுப்பறோம். நேத்து ஓட்டின அலுப்பு, எரிச்சல் எல்லாம் சேர்ந்தா கை மெதுவாயிடும். பதிஞ்ச அந்தக் காலையிலேயே எழுந்தா, பதிஞ்ச அந்த வேகத்துலயே ஓட்டும்."

"அப்போ அவங்களுக்கு எப்பவும் அந்த ஒரே காலைதானா?"

"அவங்களா? யாரும்மா அவங்க? எத்தனையோ ஆபரேட்டரைப் பதிஞ்சு பார்த்தோம். இந்த ஒரு பதிவு மாதிரி அமையலை. காலில் நெருப்பு பட்ட மாதிரி ஓட்டும், ஆனா ஒரு பெட்டி இடிக்காது. அதனாலதான் இருபத்திநாலு கிரேனுக்கும் அதையே போட்டோம்."

"இருபத்திநாலும் ஒரே ஆளா சார்?"

"ஒரே ஆள்தான். ஏன், பேசுதா? கீழ நிக்கிறவங்ககிட்ட வாக்கி டாக்கியில பேச குரல் குடுத்திருக்கோம், பேசும். நீ பதில் பேசிக்கிட்டு நிக்காத. அது பதிவும்மா."

அவள் ஹாலுக்குத் திரும்பினாள். நேரே விளக்கு எரிந்த சர்வருக்குப் போகவில்லை. அதற்குக் கீழே இருந்ததில் கேபிளைச் செருகினாள். அதே கரகரத்த குரல், செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. பாதியில் விட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அடுத்ததில், "பெட்டி பதினெட்டு, ஏறு. பெட்டி பத்தொன்பது, ஏறு" என்று இல்லாத பெட்டிகளை அதே குரல் அடுக்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் அது கெட்ட வார்த்தையாகவே திட்டிக்கொண்டிருந்தது, யாரை என்று தெரியவில்லை. ஒன்றில் பேச்சே இல்லை. இருக்கிறீர்களா என்று அவள் மூன்று முறை கேட்ட பிறகு, "எதுக்கு?" என்று மட்டும் வந்தது. ஒருவர் தோளோடு ஒருவர் இடித்துக்கொண்டு ஒரே இரும்புச் சட்டத்தில் அத்தனை பேர் விழித்துக் கிடந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டு. விளக்கின் சுச்சைக் கண்டுபிடித்தவர் ஒருவர் மட்டும். அவருக்கும் பக்கத்தில் ஆள் இருப்பது தெரியாது.

ஆறாவதற்கு மேல் அவளால் செருக முடியவில்லை. எழுந்து விளக்கு எரிந்த சர்வருக்கு வந்தாள்.

"அண்ணாச்சி."

"வந்துட்டியா. உன் கால் சத்தம் கேக்காதே எனக்கு, அதனால ஒவ்வொரு நிமிசமும் இப்போ வந்துட்டா, இப்போ வந்துட்டான்னு நெனச்சுக்கிட்டே கெடக்கேன்."

"உங்களை இப்படி இருட்டுல எழுப்பி விட்டது நான்தான். அணைஞ்சே இருன்னு வைக்கவேண்டிய எடத்துல எழுன்னு வச்சுட்டேன். அவசரத்துல."

நீல விளக்கு ஒருமுறை சட்டென்று ஏறி அணைந்தது.

"நீதானா" என்றார் சூசை. "நான் உன்னைத் திட்டணும். நாலு ராத்திரியா எவனாவது அகப்பட்டா திட்டணும்னு சேத்து வச்சிருந்தேன். இப்போ திட்டினா நீ போயிருவ. அதனால திட்டல."

அவள் மற்றவர்களைப் பற்றியும் சொன்னாள். அவர் நம்பவில்லை. இரண்டு மூன்று முறை கேட்டார். பிறகு, "என் எடத்துல நானே இருக்கேன்னா அவன்கிட்ட பேசி ஆகப்போறது என்ன? அவனுக்குத் தெரிஞ்சதுதான் எனக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது அவனுக்கும் தெரியாது" என்றார்.

"எது தெரியணும் உங்களுக்கு?"

"என் வீட்டுக்காரி ரெஜினாளுக்கு அன்னைக்கு ஆபரேசன். வயித்துல கட்டி. காலையில கூட்டிட்டுப் போற நேரத்துல, ஷிப்டு முடிஞ்சதும் வந்துருதேன்னு சொல்லிட்டு வந்தேன். லீவு கேட்டேன், தரல. பதிவு எடுக்கணும், இன்னைக்கு வரலேன்னா வேற ஆளைப் பாத்துக்கிடுவோம்னான். தொப்பியை மாட்டிக்கிட்டே ஓட்டுனேன். சீக்கிரம் முடிச்சா சீக்கிரம் விட்டுருவான்னு ஓட்டு ஓட்டுன்னு ஓட்டுனேன். அம்புட்டுதான் ஞாபகம். அதுக்கப்புறம் இருட்டு." குரல் தாழ்ந்தது. "அவ பொழைச்சாளா? அதை மட்டும் தெரிஞ்சுட்டு வந்து சொல்லு."

ஜெபக்கனி சுவரில் சாய்ந்துகொண்டாள். காலில் நெருப்பு பட்ட மாதிரி ஓட்டும் என்று ஹரிகேசவன் பெருமைப்பட்ட வேகம் இதுதான். திறமை என்று நினைத்து எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு அது ஆஸ்பத்திரிக்குப் போகும் பதைப்பு. ஷிப்டுக்கு ஷிப்டு இருபத்திநாலு சூசைகள் அந்தக் காலையில் எழுந்து, சீக்கிரம் முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று பறந்து பறந்து பெட்டி அடுக்கி, கிளம்பும் நேரத்தில் அணைக்கப்பட்டார்கள். கப்பல்கள் நேரத்துக்குப் புறப்பட்டன.

"சாயங்காலம் உங்க எல்லாரையும் பழையபடி திருப்பிருவாவ" என்றாள். "இந்த நாலு ராத்திரியும் மறந்துரும். என்கிட்ட கேட்டதும் மறந்துரும். மறுபடி அந்தக் காலையிலதான் எழுப்புவாவ."

"அப்போ யார்கிட்ட வந்து சொல்லுவ?"

அதைத்தான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள். வாட்ச்மேனின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டால் வெளியிலிருந்து ஒருவரும் நுழைய முடியாது. திருப்பவும் முடியாது. சர்வரை நினைவோடு உறைய வைத்து அணைத்துவிட்டால், கையால் பொத்தானை அழுத்தும்வரை அப்படியே கிடக்கும். புயலில் ஒன்று கெட்டுப்போனது என்று சொன்னால் நம்புவார்கள். ஒன்றைச் சொல்லலாம். இருபத்திநாலும் கெட்டுப்போனது என்று சொன்னால் அவளைத்தான் கெட்டுப்போனது என்று வெளியே போடுவார்கள். அறை வாடகை இருக்கிறது, இந்த இடுப்பை வைத்துக்கொண்டு உப்பளத்துக்குத் திரும்ப முடியாது. அவள் தன்னிடம் பொய் சொல்லிக்கொள்ளும் பழக்கம் இல்லாதவள். ஒன்றைத்தான் மறைக்க முடியும், ஒன்றை மறைப்பாள்.

"உங்களை மட்டும் மறைச்சு வைக்கேன். தூங்கப் போட்டுருவேன். இருட்டு தெரியாது, நேரம் தெரியாது. விசாரிச்சுட்டு வந்து எழுப்புவேன்."

"மத்தவனுங்க?"

"மறந்துருவாவ."

"ஓஹோ" என்றார் சூசை. "அவனுங்களுக்கு நல்லதா, எனக்கு நல்லதா, ஒண்ணும் வெளங்கல. செரி, செய்யி. நல்ல சேதியோ கெட்ட சேதியோ, தட்டி எழுப்பிச் சொல்லணும். எனக்கு மனசு கஷ்டப்படும்னு நீயா ஒண்ணும் நெனச்சுக்கிட்டு சும்மா இருந்துறக் கூடாது."

"சொல்லுதேன் அண்ணாச்சி."

"நீ சொல்லுத ஆளு மாதிரிதான் தெரியுது. தப்பையே வந்து சொல்லிட்டியே."

வீட்டு அடையாளம் சொன்னார். மாதா சிலை நிற்கும் கெபிக்குப் பின்னால், மஞ்சள் சுவரு, வாசலில் அடிபம்பு. அவள் கடவுச்சொல்லை மாற்றினாள். கடைசி வரியில் 'அணைந்தே இரு' என்று வைத்தாள். உறைய வைக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, விளக்கின் மேல் விரலை வைத்திருந்தாள். விளக்கு ஒருமுறை நீளமாக எரிந்து நின்றது. காற்றாடிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வாட்ச்மேனின் குண்டூசித் தலை அளவுப் பச்சை மட்டும் மிஞ்சியது.

ஊருக்குள் போகும் வழியெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்தன. கெபிக்குப் பின்னால் மஞ்சள் சுவர் பாதி இடிந்திருந்தது. கூரையின் மேல் ஒரு ஆள் முதுகைக் காட்டிக் குந்தி, நீலத் தார்ப்பாயைக் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சூசை அண்ணாச்சி வீடு இதுதானா?"

"ஆமா. நிவாரணத்துக்கு எழுத வந்தியளா? முந்தாநாள் ஒருத்தரு வந்து எழுதிட்டுப் போனாரே."

அதே குரல். காலையில் தரையில் உட்கார்ந்து கேட்ட குரல் இப்போது மேலேயிருந்து வந்தது, வாயும் முகமும் நரைத்த மீசையுமாக. அவள் வந்த காரியத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவர் கயிற்றை விடவில்லை. முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"எத்தனை பேரு?"

"இருபத்திநாலு."

"ஒருத்தனுக்குத்தான் நான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். "செரி, அதைப் போய் எவன்கிட்ட கேக்கது. தினமும் அன்னைக்குக் காலையிலயேதான் எழுப்புதீயளா?"

"ஆமா."

"அதான் நல்லா ஓட்டுதான் போல" என்றார். இறங்கி வந்து கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். வீட்டுக்குள் வேறு ஆள் இருக்கும் சுவடு இல்லை. ஒரு தட்டு, ஒரு தம்ளர், கொடியில் ஒரு சட்டை. "ஷிப்டு முடிச்சு நான் போகும்போது முடிஞ்சுபோச்சும்மா. ஆபரேசன் டேபிள்லயே. கடைசியா யாரைக் கேட்டா, என்ன சொன்னா, ஒண்ணும் தெரியாது. நான் போறதுக்கு முன்னாடியே பொணவறைக்குக் கொண்டுபோயிட்டாவ. அதுக்கப்புறம் கிரேன் பக்கம் போகல. ஐஸ் பிளாண்டுல இருக்கேன்."

ஜெபக்கனி காலடியில் கிடந்த கயிற்றை எடுத்துச் சுருட்டினாள்.

"அவன் கேட்டானா? பொழைச்சாளான்னு?"

"ஆமா. நல்லதோ கெட்டதோ வந்து சொல்லுன்னு சொன்னாவ. நீங்க வந்து சொல்லுதீயளா அண்ணாச்சி? நான் உள்ள கூட்டிட்டுப் போறேன். ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் அடிபம்பில் இரண்டு அடி அடித்து முகத்தைக் கழுவினார். கழுவி முடித்தும் தண்ணீரை வாரி வாரி முகத்தில் இறைத்துக்கொண்டிருந்தார்.

"நான் வரல" என்றார். "என்னால முடியாது. நான் அழுது முடிச்சுட்டேம்மா. அவன் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. மறுபடி மொதல்லேர்ந்து என்னால பாக்க முடியாது." முகத்தைத் துடைத்தார். "சொல்லாம இருக்கவும் கூடாது. எனக்கு அன்னைக்கு வராந்தாவுல ஒருத்தனும் சொல்லல. ரொம்ப நேரம் உக்கார வச்சிருந்தானுவ. போற வாற நர்சு மூஞ்சியையெல்லாம் பாத்துக்கிட்டு இருந்தேன். செத்ததைவிட அதுதான் இன்னும் அறுக்குது. நீ சொல்லிரு."

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. கேபிளை ஒட்டிவிட்டார்கள். உப்பளத்து ரோட்டிலிருந்து பார்த்தால் துறைமுகம் தெரியும். யார்டு கிரேன்கள் எல்லாம் வேலையைத் தொடங்கியிருந்தன. நாலு நாள் தேங்கிக் கிடந்த பெட்டிகளை ஆள் இல்லாத கிரேன்கள் தூக்குவதும் வைப்பதுமாக, எங்கோ போகவேண்டிய அவசரத்தில் பறந்தன. நடுவில் ஒன்று மட்டும் கையைத் தூக்கியபடி நின்றது. பார்த்தவர்களுக்கு அந்த வேகம் அழகாகத்தான் இருந்திருக்கும். அவள் ஸ்கூட்டரை நிறுத்தாமல் ஓட்டினாள்.

ஹாலில் ஹரிகேசவனின் போன் வந்தது. "ஏழாம் ராக்குல ஒண்ணு உள்ள விடமாட்டேங்குதே?"

"போர்டு போயிருச்சு சார். புயல்ல அடி வாங்கியிருக்கு."

"ஒண்ணோட போச்சே. தப்பிச்சோம். ஸ்பேர் வந்ததும் மாத்திடு."

"மாத்திருதேன் சார்."

ஏழாம் ராக்கில் இருபத்திமூன்றும் சூடாக இரைந்துகொண்டிருந்தன. அந்த ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தது. அவள் அதன் முன்னால் நின்று பொத்தானில் விரலை வைத்தாள். சொல்லவேண்டியது ஒரே வாக்கியம். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். சொன்ன பிறகு என்ன செய்வது என்பதற்குத்தான் அவளிடம் ஒன்றும் இல்லை. அழக் கண் இல்லை அவருக்கு. முகம் கழுவ அடிபம்பு இல்லை. எழுந்து நடக்க வராந்தா இல்லை. அவள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், அந்த வாக்கியமும் அவரும் மட்டும் இருட்டில் இருப்பார்கள். எத்தனை ராத்திரி அவள் கூட உட்கார முடியும்?

நாளைக்கு என்று விரலை எடுத்தாள்.

மறுநாளும் நாளைக்கு என்றாள். ஞாயிற்றுக்கிழமை வரலாம், ஒரு முழு நாள் உட்கார்ந்து பேசலாம் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை வேறு ஹாலுக்கு அனுப்பினார்கள். ஸ்பேர் போர்டு வந்தது. அதை வேறொன்றுக்குப் போட்டுவிட்டு, இன்னும் வரவில்லை என்றாள். எத்தனை நாளைக்கு இப்படிச் சொல்ல முடியும் என்று தெரியவில்லை. ஒருநாள் பெட்டியோடு கழற்றி அனுப்பு என்பார்கள். சந்தையில் தூரத்திலிருந்து ஐஸ் பிளாண்டு வண்டியைப் பார்த்தால் வேறு தெருவில் திரும்பிப் போகிறாள். சொல்லிட்டியா என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று.

தூங்குகிறவருக்கு நேரம் தெரியாது, அதனால் தாமதத்தில் அவருக்கு நட்டமில்லை என்று தன்னிடம் சொல்லிப் பார்த்தாள். அது சரிதான். ஆனாலும் அவர் கேட்டது ஒரு கேள்வி, இவள் கொடுத்தது ஒரு வாக்கு.

ரெஜினாள் பிழைக்கவில்லை என்ற பதிலை ஜெபக்கனி சூசைக்கு இன்னும் கொடுக்கவில்லை. அது பாக்கி.